இருப்புப்பாதையும் பத்து விரல்களும்

அமெரிக்க சரித்திரத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் 1869ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதியை எளிதில் மறந்துவிடமாட்டார்கள். அன்றுதான் யூற்றாப் பிரதேசத்தில், ப்ரொமொன்றரி என்னும் வறண்ட மேட்டு நிலத்திலே, கிழக்கிலிருந்து நீண்டு வந்த இருப்புப்பாதையும் மேற்கிலிருந்து நீண்டு வந்த இருப்புப்பாதையும் ஒன்றையொன்று சந்தித்தன. 'ஜுபிற்றர்' என்ற எஞ்சினும் 119ஆம் இலக்க எஞ்சினும் முகத்தோடு முகம் வைத்து நின்றன. பொன்னாலான ஆணி ஒன்று தண்டவாளக் கட்டையில் வைக்கப்பட்டு, உடனேயே எடுக்கவும் பட்டது. 'முடிந்தது' என்ற ஒரே சொல் தந்திக் கம்பி வழியாக நாடெங்கும் பறந்தது. அப்பொன்னாணியை இன்றும் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேணி வைத்திருக்கின்றனர்.

அன்று எடுத்த படம் பாடப்புத்தகங்கள் பலவற்றில் இடம்பெற்றிருக்கின்றது. சியெரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்து மேற்குப் பாதியை அமைத்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர், பல்லாயிரவர். அப்படத்திலே அவர்கள் முகத்தைத் தேடிக் காண்பது அரிது. 13 ஆண்டுகள் கழித்து, 1882இல், சீனத் தொழிலாளர் அந்நாட்டுக்குள் வருவதற்கே சட்டம் தடை விதித்தது. அத்துயரம் தனியே எழுதப்பட வேண்டியது. பிறிதொரு கிழமைக்கு அதனை ஒதுக்கி வைப்போம்.

இன்று நாம் கூற விரும்புவது, அதே ப்ரொமொன்றரியிலே 31 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த வேறொரு சம்பவம். அதற்குப் பொன்னாணியும் இல்லை, விழாவும் இல்லை. ஒரு தொழிலாளியின் கை மாத்திரமே அங்கு இருந்தது. ஆயினும் அக்கதையின் பொருள் விளங்க வேண்டுமானால், இரண்டு புகையிரதப் பெட்டிகளை அக்காலத்தில் எவ்வாறு இணைத்தார்கள் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் வாய் திறந்த இரும்புக் கூடு ஒன்று இருக்கும். நீண்ட இரும்பு வளையமொன்று ஒரு பெட்டியின் கூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் மற்றப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கி வரும்போது, தொழிலாளி ஒருவர் இரண்டுக்குமிடையே நின்று, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, எதிர்க் கூட்டின் வாயினுள் செலுத்த வேண்டும். செலுத்திய அக்கணமே கையை இழுத்து, மேலேயுள்ள துவாரத்தின் வழியாக ஒரு முளையை இறக்க வேண்டும். கையை எடுக்க ஒரு விநாடி பிந்தினால் விரல்கள் போயின. கால் இடறினால் ஆளே போனார். ஒரு கம்பனியின் பெட்டி உயர்ந்திருக்கும். மற்றக் கம்பனியின் பெட்டி தாழ்ந்திருக்கும். மழையும் பனியும் இருளும் அவர்கள் வேலையை நிறுத்துவதில்லை.

இத்தொழிலைச் செய்தவர்களை பிறேக்காரர் என்று அழைத்தனர். இணைப்பது அவர்களது வேலையில் ஒரு பாதிதான். மறு பாதி இன்னும் கொடியது. ஓடிக்கொண்டிருக்கும் சரக்குப் புகையிரதத்தின் கூரைமேல் ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொரு பெட்டியின் உச்சியிலுமுள்ள சக்கரத்தைக் கையால் திருகி பிறேக் போடுவது அது. எஞ்சின் ஓட்டுபவர் ஊதியவுடன் ஓட வேண்டும். குளிர்காலத்தில் அக்கூரைகளின்மேல் பனிக்கட்டி உறைந்திருக்கும். பாதையின் குறுக்கே தாழ்ந்த பாலம் வந்தால் தலை அடிபடும். அதை முன்கூட்டியே உணர்த்துவதற்காகப் பாலத்துக்குச் சற்று முன்னே கயிறுகளைத் தொங்கவிட்டார்கள். இருளில் முகத்திலே கயிறு பட்டால் உடனே குனிந்துகொள்ள வேண்டும். ஒரு மனிதரின் உயிரைக் காக்க அன்றைய பெருங் கம்பனிகள் செய்த ஏற்பாடு சில முழக் கயிறு!

இவ்வளவும் எதற்காக? மேற்கே புதிதாகத் திறந்த நிலங்களின் கோதுமையும், சமவெளி மாடுகளும், மலைகளின் நிலக்கரியும் தாதுப் பொருள்களும் கிழக்கே வர வேண்டியிருந்தது. கிழக்கின் உருக்கும் துணியும் யந்திரமும் மேற்கே போக வேண்டியிருந்தது. 1860இல் அமெரிக்காவில் சுமார் 30,000 மைல் இருப்புப்பாதை இருந்தது. 1890இல் அது 160,000 மைலைக் கடந்துவிட்டது. சிக்காகோ நகரத்தின் செல்வமும் பிற்ஸ்பேர்க் நகரத்தின் உலைகளும் அப்பாதைகளின்மேல் வளர்ந்தவை. அச்செல்வம் நகர்ந்த ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு பிறேக்காரர் இரு பெட்டிகளுக்கிடையே கையை நீட்டியிருந்தார்.

அந்நாளில் வேலை கேட்டு வருவோரின் கைகளை மேலாளர்கள் பார்ப்பார்களாம். இரண்டொரு விரல் இல்லாதவர் அனுபவசாலி. பத்து விரலும் முழுதாக இருப்பவர் புதியவர்! கேட்க வேடிக்கையாக இருக்கும் இச்செய்தியில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. ஆகவே 1883இல் நியூ யோர்க் மாநிலத்து ஒனியொன்ரா என்னும் ஊரில் பிறேக்காரர் சிலர் கூடி, இறந்தோரின் குடும்பங்களுக்கு உதவும் சகோதர சங்கமொன்றைத் தாமே தொடங்கினர். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய தொழிற் சங்கங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். போனவர்களும் உண்டு. 1837இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பார்வெல் என்ற எஞ்சின் ஓட்டுநர், பாதை மாற்றுபவர் செய்த தவறினால் வண்டி தடம் புரண்டு வலக்கையை இழந்தார். நாளொன்றுக்கு அவருடைய சம்பளம் 2 டொலர். வழக்கு 1842இல் முடிவுற்றது. தலைமை நீதியரசர் லெமுவெல் ஷோ கூறிய தீர்ப்பின் சாரம் இது: ஆபத்து நிறைந்த வேலை என்பதை அறிந்தே தொழிலாளி அதனை ஏற்கின்றார், அந்த ஆபத்துக்கான விலை அவருடைய உயர்ந்த சம்பளத்தில் அடங்கியுள்ளது, உடன் வேலை செய்பவரின் தவறுக்கு எசமானர் பொறுப்பல்லர். ஷோ கொடியவர் அல்லர். அக்காலத்தின் மதிப்புக்குரிய சட்ட அறிஞர். அதுவே நம் மனத்தை உறுத்துகின்றது. அவருடைய தர்க்கத்தில் பிழை காண்பது எளிதன்று. பார்வெலின் கையை மாத்திரம் அத்தர்க்கத்தினுள் எங்கும் காணமுடியவில்லை. இத்தீர்ப்பைப் பல மாநில நீதிமன்றங்கள் பின்பற்றின. அரை நூற்றாண்டுக் காலம் நொண்டியானோரும் விதவைகளும் இச்சுவரிலே முட்டித் திரும்பினர்.

இனி லொறென்சோ கொபின் என்பவரை அறிமுகஞ் செய்வோம். 1823இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்து, மேற்கே அயோவா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, போர்ட் டொட்ஜ் நகரத்தின் அருகே கமஞ் செய்தவர் அவர். உள்நாட்டுப் போரில் படைப்பிரிவொன்றுக்குச் சமயகுருவாகப் பணியாற்றினார். இருப்புப்பாதையோடு அவருக்கு எவ்வகைத் தொடர்பும் இருக்கவில்லை. 1874ஆம் ஆண்டளவில் அவர் பயணஞ் செய்த சரக்குப் புகையிரதம், வழியில் ஒரு பெட்டியைச் சேர்த்துக்கொள்ள நின்றதாம். ஒரே அலறல் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தார். பிறேக்காரரின் வலக்கையில் எஞ்சியிருந்த இரண்டு விரல்களும் நசுங்கிப்போயிருந்தன. ஏனையவற்றை அவர் முன்னரே இதே வேலையில் இழந்திருந்தார்.

கொபினுக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பெரும்பாலானோர் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பியிருப்பார்கள். அவரோ இதனைத் தவிர்க்க வழி உண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்தபோதுதான் உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது. வழி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

வேர்ஜினியாவில் ஒரு துணிக்கடையில் எழுத்தராக இருந்த ஈலை ஜானி என்பவர், 1873இலேயே தானாகக் கொளுவும் கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மரத்தைப் பேனாக்கத்தியாற் செதுக்கி அதன் மாதிரியை அவர் அமைத்ததாகக் கூறுவர். இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கொளுவிப் பாருங்கள். அதுவே அக்கருவியின் தத்துவம். பெட்டிகள் மோதியவுடன் இரும்பு விரல்கள் தாமாகவே பற்றிக்கொள்ளும். மனித விரல் அங்கே நுழைய வேண்டிய தேவையே இல்லை. அவ்வாறே ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் என்ற இளைஞர் 22 வயதில், 1869இல், அமுக்கிய காற்றினால் இயங்கும் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆல்ப்ஸ் மலையில் சுரங்கம் குடைய அமுக்கிய காற்றைப் பயன்படுத்துகின்றார்கள் என்று பத்திரிகையொன்றில் வாசித்ததே அவருக்கு வழி காட்டியது. (பத்திரிகை வாசிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோரின் கவனத்துக்கு!) 1872இல் அவர் அதனை மேலும் திருத்தினார். வண்டித் தொடர் அறுந்தாலும் காற்றுக்குழாய் வெடித்தாலும் பிறேக் தானாகவே விழும்படி செய்தார்.

பயணிகள் செல்லும் வண்டிகளுக்குக் கம்பனிகள் இவற்றை விரைவாகவே பூட்டின. அங்கே விபத்து நேர்ந்தால் பத்திரிகைகள் எழுதும். பயணிகள் மற்றக் கம்பனியின் வண்டியில் ஏறுவார்கள். சரக்கு வண்டிகளிலோ விபத்துக்குள்ளானவர் பிறேக்காரர். அவர் இடத்துக்கு மறுநாட் காலையில் வேறொருவர் வந்து நிற்பார்.

ஆயினும் கம்பனிகளின் பக்கத்திலுள்ள நியாயத்தையும் கூறாமல் விடுவது முறையன்று. நாட்டில் சுமார் 10 இலட்சம் சரக்குப் பெட்டிகள் ஓடின. ஒரு கம்பனியின் பெட்டி மற்றக் கம்பனிகளின் பாதைகளிலெல்லாம் அலைந்து திரியும். ஒரு கம்பனி மாத்திரம் பணத்தைச் செலவிட்டுப் புதிய கொளுவியைப் பூட்டினால், அடுத்த கம்பனியின் பழைய பெட்டியோடு அது பொருந்தாது. முன்னிருந்ததிலும் அதிக ஆபத்தாகவும் முடியும். ஆயிரக்கணக்கான கொளுவிகள் காப்புரிமை பெற்றுக் குவிந்தன. எதைத் தெரிவு செய்வது என்பதில் உடன்பாடில்லை. மற்றவர் செய்யட்டும், நாமும் செய்வோம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தனர். இவ்வாறு காத்திருந்த ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் விரல்கள் போய்க்கொண்டேயிருந்தன. எல்லோரையும் ஒரே நாளில் மாற்றச் செய்யக்கூடிய கை ஒன்றுதான் இருந்தது; அது சட்டத்தின் கை.

கொபின் ஊர் ஊராகச் சென்றார். ஆலயங்களிற் பேசினார், பத்திரிகைகளுக்கு எழுதினார், வண்டி கட்டும் பொறியியலாளரின் மாநாடுகளில் அழையாத விருந்தாளியாய்ப் போய் நின்றார். அவரை அரைப் பைத்தியம் என்று எண்ணியவர்களும் உண்டு. 1883இல் அயோவா மாநில இருப்புப்பாதை ஆணையாளர்களுள் ஒருவராக அவர் நியமனம் பெற்றார். அதன்பின் கதவுகள் சற்றே திறந்தன. 1886இலும் 1887இலும் அதே மாநிலத்துப் பேர்லிங்டன் நகரத்தின் அருகே, 50 பெட்டிகள் கொண்ட நீண்ட தொடர்களை வைத்துக் காற்றுப் பிறேக்குகளைப் பரிசோதித்தனர். முதற் பரிசோதனைகள் தோல்வியே. முன் பெட்டிகள் நின்றுவிட, பிறேக்கின் வேகம் வாலுக்குப் போய்ச் சேருமுன் பின் பெட்டிகள் வந்து மோதின. வெஸ்ரிங்ஹவுஸ் மனந்தளராது தம் கருவியைத் திருத்தினார். 1887 முடியுமுன் 50 பெட்டித் தொடரொன்றை நகரம் நகரமாக ஓட்டி, அதிர்ச்சியின்றி நிறுத்திக் காட்டினார். 1888ஆம் ஆண்டளவில் வண்டி கட்டுவோர் சங்கமும் ஜானியின் கொளுவியை நியம மாதிரியாக ஏற்றது. யந்திரத்தைப் பற்றிச் சொல்லி வந்த சாட்டு அத்துடன் ஒழிந்தது.

இவ்விடத்தில் கமக்காரரின் கதை வந்து கலக்கின்றது. மேற்கு நிலங்களில் குடியேறி விளைவித்தோர், தானியம் ஏற்றுவதற்குக் கம்பனிகள் வாங்கிய கூலியால் நொந்துபோயிருந்தனர். 1870ஆம் ஆண்டுகளில் 'கிரேஞ்ச்' என்னும் தங்கள் சங்கத்தின் மூலம் கிளர்ச்சி செய்து மாநிலச் சட்டங்கள் சிலவற்றைப் பெற்றனர். மாநில எல்லையைக் கடந்து செல்லும் வண்டிகளின் கட்டணத்தில் மாநிலங்கள் தலையிட முடியாது என்று 1886இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே அடுத்த ஆண்டு, 1887இல், மத்திய காங்கிரசே சட்டம் இயற்றி, மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணைக்குழுவை அமைத்தது. அது அமைந்தது கோதுமைக் கூலிக்காக, பிறேக்காரருக்காக அன்று. ஆனால் அவ்வாணைக்குழுவுக்குக் கம்பனிகளிடமிருந்து கணக்குக் கேட்கும் அதிகாரம் இருந்தது. வரவு செலவோடு, இறந்தவர் எத்தனை பேர், காயமுற்றவர் எத்தனை பேர் என்றும் அது கேட்டது.

பதில் வந்தது. 1889 யூன் 30ஆந் திகதியோடு முடிவுற்ற ஓராண்டில் இருப்புப்பாதை ஊழியர் 1,972 பேர் மாண்டனர். 20,028 பேர் காயமுற்றனர். வண்டிகளில் வேலை செய்வோரை மாத்திரம் எடுத்துக்கொண்டால், 117 பேருக்கு ஒருவர் மரணம். 12 பேருக்கு ஒருவர் காயம். பாதையோரத்தில் தனித்தனியே கேட்டுத் தேய்ந்த அலறல்கள் முதன்முறையாக ஒரே தாளில் கூட்டிப் போடப்பட்டன. கொபின் 15 ஆண்டுகளாகக் கத்தியும் கேளாத காதுகளுக்கு இவ்விலக்கங்கள் கேட்டன. சனாதிபதி பென்ஜமின் ஹரிசன், போர்க்களத்துச் சிப்பாய்க்கு நிகரான அபாயத்தை ஒரு நாட்டின் தொழிலாளர் அன்றாட வேலையில் அனுபவிப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என்று காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியிற் கண்டித்தார். ஹரிசனும் முன்னர் போர்க்களத்தில் படை நடத்தியவர். அவ்வுவமையை அவர் வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை.

1893 மார்ச் 2ஆந் திகதி, பதவியை விட்டு நீங்க இரண்டு நாட்களே இருந்தபோது, ஹரிசன் பாதுகாப்புக் கருவிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். ஒப்பமிட்ட பேனாவைக் கொபினிடமே கொடுத்தார் என்பர். பெட்டிகளுக்கிடையே மனிதர் போக வேண்டிய அவசியமின்றித் தானாக இணையும் கொளுவிகள் வேண்டும் என்பதும், எஞ்சினிலிருந்தே கட்டுப்படுத்தக்கூடிய பிறேக்குகள் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் முக்கிய விதிகள். கம்பனிகளுக்கு 1898 தொடக்கம் வரை தவணை அளித்தனர். அத்தவணை போதாதென்று மேலும் நீட்டி, ஈற்றில் 1900 ஆகஸ்ட் 1ஆந் திகதியைக் கடைசி நாளாகக் குறித்தனர்.

இப்போது ப்ரொமொன்றரிக்குத் திரும்புவோம்.

அக்கடைசி நாள் கழிந்து நான்கே நாட்கள். 1900 ஆகஸ்ட் 5ஆந் திகதி. சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒக்டனுக்கும் இடையே ஓடும் சரக்குப் புகையிரதமொன்று ப்ரொமொன்றரியை அடைந்தது. அங்கே பக்கப் பாதையில் உணவுப் பெட்டியொன்று வெறுமையாக நின்றது. அதனைத் திருப்பி வைத்து, மேற்கே செல்லும் அடுத்த வண்டியில் சேர்ப்பதற்காக, எஞ்சினைக் கழற்றி அதனோடு இணைக்கும்படி தலைமைப் பிறேக்காரர் ஜோன்சனுக்குக் கட்டளை பிறந்தது. எஞ்சினில் இருந்தது ஜானியின் கொளுவி. உணவுப் பெட்டியில் இருந்ததோ மில்லர் என்பவரின் கொக்கி. இரண்டுமே தானாக இணையும் கருவிகள். ஆனால் ஒன்று மற்றொன்றோடு இணையாது. எனவே ஜோன்சன் பழையபடி நடுவே போனார். அவருடைய கை நசுங்கியது. மணிக்கட்டுக்கு மேலாக அதனை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஜோன்சன் வழக்குத் தொடுத்துத் தோற்றார். மேல்முறையீட்டிலும் தோற்றார். அந்நீதிமன்றம் கூறிய காரணங்களை வாசகர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும். சட்டம் 'பெட்டி' என்று கூறுகின்றது, எஞ்சின் பெட்டியாகாது. உணவுப் பெட்டி வெறுமையாக நின்றது. ஆகவே அது மாநிலங்களுக்கிடையே வர்த்தகத்தில் ஈடுபட்டிருக்கவில்லை. இரண்டிலும் தானியங்கிக் கொளுவி இருந்தது. ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை! பார்வெல் கை இழந்து அறுபது ஆண்டுகள் கடந்தும், சட்டத்தின் எழுத்துகளிடையே ஒரு கையை மறைத்துவிடும் வித்தை அழிந்துவிடவில்லை.

1904 டிசம்பர் 19ஆந் திகதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. மனிதர் நடுவே போகாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இச்சட்டம் எழுந்தது, எஞ்சினும் அதற்குட்பட்டதே, தம்மினத்தோடு மாத்திரம் இணையும் கொளுவி, சட்டம் கேட்ட கொளுவியாகாது என்று தலைமை நீதியரசர் புல்லர் எழுதினார். வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன்னரே, 1903இல், காங்கிரசும் சட்டத்தைத் திருத்தி இவ்வோட்டைகளை அடைத்திருந்தது. பெட்டிகளை இணைக்கையில் மாண்டோரின் தொகை 1893இல் இருந்ததிற் பாதிக்கும் கீழாக இறங்கியிருந்தது.

கொபின் 1915இல் தொண்ணூறு வயது கடந்து காலமானார். ஜானியின் கொளுவி, சிற்சில மாற்றங்களோடு, இன்றும் அமெரிக்கச் சரக்கு வண்டிகளை இணைத்துக்கொண்டிருக்கின்றது. ப்ரொமொன்றரியின் காலம் அவ்வளவு நீடிக்கவில்லை. ஜோன்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிய அதே 1904இல், பெரிய உப்பேரியின் குறுக்கே நேராகச் செல்லும் புதிய பாதை திறக்கப்பட்டது. பெரு வண்டிகள் ப்ரொமொன்றரியைக் கைவிட்டு அவ்வழியே ஓடின. 1942இல், போருக்கு இரும்பு தேவைப்பட்டபோது, பொன்னாணி வைத்த மேட்டிலிருந்த தண்டவாளங்களையும் கழற்றி எடுத்துச் சென்றனர்.